சனிக்கிழமை மூன்று மணிக்கு உங்களுக்கு வேலை இருக்க வேண்டும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், மூன்று பிள்ளைகளின் தகப்பனும், பஸ் டிப்போவில் பதினான்கு வருடமாகக் கால அட்டவணை போட்டு வருபவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் ஐவரும் நலம். தாங்களும், தங்கள் பல் மருத்துவமனையும், தங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உள்ள சகல மீன்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற முறை நாங்கள் வந்துவிட்டுப் போன பிறகு அவற்றில் ஒன்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு வருந்தினேன். இப்போது தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் வீடு இரண்டு அறை. ஒன்றில் பேசினால் மற்றதிலிருந்து பதில் வரும். அதுவும் தாங்களே வக்கீல் என்று பெயர் வைத்த மூத்தவள் இருக்கிறாளே, ஏழு வயதுதான், நான் போனில் பேசுவதை ஒரு வார்த்தை பிசகாமல் அம்மாவிடம் ஒப்பிப்பாள், நான் நடுவில் எங்கே இருமினேன் என்பது உட்பட. ஆகவே டிப்போவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தங்களிடம் ஒரே ஒரு உதவி வேண்டும். நாங்கள் அங்கே வந்திருக்கும்போது, சனிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து நாலரை மணி வரை தங்களுக்கு வேலை இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள், எனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் துணிக்கடையில் நடந்தது தங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் மனசு ஆறும். தங்கள் தங்கை நடுவுள்ளவனையும் அழைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்கு உடுப்பு மாற்ற உள்ளே போயிருந்தாள். நான் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஸாக்ஸ் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் என் பக்கத்தில் நின்றாள். நாலாம் நம்பர் ஸாக்ஸா, அஞ்சாம் நம்பரா என்று நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை இல்லை. ஒரு பெரிய தூணைச் சுற்றி நான் அவளைத் தேட, அதே தூணைச் சுற்றி அதே திசையில் அவள் என்னைத் தேட, பதினோரு நிமிடம் ஓடியிருக்கிறது. கடைசியில் துணி மடிக்கிற அம்மா ஒருத்தர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்தினார். எத்தனையோ பஸ் பதினோரு நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். பதினோரு நிமிடம் என்றால் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்கள் தங்கை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்து போயிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஒரு வருடமாக, மூன்று பிள்ளைகளையும் சேர்த்து என்னோடு தனியாக வெளியே அனுப்பியதே கிடையாது. அனுப்ப மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. அதுபாட்டுக்கு அப்படி நடந்துகொண்டு வருகிறது. நான் பெத்த பிள்ளைங்க மச்சான். என்னை நம்பி அனுப்ப மாட்டாளான்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நான்கு நாள் உங்கள் நகரத்துக்கு வருவது என்று முடிவானதும், திட்டம் போடும் பொறுப்பை நானே முந்திக்கொண்டு வாங்கினேன். கொஞ்சம் கர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தெட்டு பஸ்ஸை ஒன்றோடொன்று முட்டாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டுகிறவன், மூணு பிள்ளையையும் ஒரு பெண்டாட்டியையும் நாலு நாள் ஓட்ட மாட்டேனா? ஒன்பது நாள் உட்கார்ந்து போட்டேன். அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலை, கோபுரம், கப்பல் துறை என்று பதினேழு இடம், அறுபத்து மூன்று வரி. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மாற ஆறு நிமிஷம். மூட்டைக்கு, அதாவது ஒன்றரை வயசு கடைக்குட்டிக்கு, பால் கொடுப்பது ஓடுகிற வண்டியிலேயே. சனிக்கிழமை பச்சை மை, ஞாயிற்றுக்கிழமை சிவப்பு மை. எங்கள் டைம் கீப்பர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஷீட்டை நான் பார்த்ததே இல்ல" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன். உங்க தங்கச்சி குண்டூசிக்கு நகம் வெட்டிக்கிட்டிருந்தா. குண்டூசிங்கறது நடுவுல உள்ளவன், நாலு வயசு, எங்கே உட்கார்ந்தாலும் யாரையாவது குத்துவான். ஒரு கையால அவனைப் பிடிச்சுக்கிட்டே அறுபத்து மூணு வரியையும் பொறுமையா, மரியாதையா, ஒண்ணு விடாம படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, "ரொம்ப அருமையா இருக்குங்க. இதுல பிள்ளைங்க எப்ப ஒண்ணுக்குப் போவாங்க?"ன்னு கேட்டா.

மச்சான், ஷீட்டை வாங்கி மேலேருந்து கீழ வரைக்கும் தேடினேன். பச்சை மையிலயும் இல்ல, சிவப்பு மையிலயும் இல்ல. நாலு நாளும் யாரும் போகல. "நடுவுல சேர்த்துக்கலாம்"னேன். "எந்த நடுவுல?"ன்னா. அவ சண்டை போடுற ஆள் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற வேலை, தினம் இருநூறு பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துவாங்க, இவ குரலை உயர்த்தினதே கிடையாது. யார் இன்னும் கொஞ்சம் பொறுப்பாங்க, யாரால இனிமே ஒரு நிமிஷம் முடியாதுங்கறதை முகத்தைப் பார்த்தே சொல்லிடுவா. அன்னைக்கு என் முகத்தையும் அப்படித்தான் ஒரு பார்வை பார்த்துட்டு, "புது ரூட்டுன்னா பயணிகளை ஏத்துறதுக்கு முன்னாடி வெள்ளோட்டம் விடுவீங்கல்ல? உங்க திட்டத்தையும் ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்லயே விட்டுப் பார்த்துடலாமே"ன்னா. என் தொழிலை வெச்சே என்னை மடக்கினா பாருங்க. அதான் சாமர்த்தியம்.

ஒத்துக்கிட்டேன். நம்ம ஊர்ல அருங்காட்சியகத்துக்கு எங்கே போறது, அதனால மரச்சாமான் கடைதான் அருங்காட்சியகம். கிளி, முயல் விக்கிற கடை மிருகக்காட்சி சாலை. அவளோட அஞ்சு மாடி ஆஸ்பத்திரிதான் கோபுரம். காலைல ஒன்பது மணிக்குப் புறப்பாடு. ஒன்பது அடிக்கும்போது நான் கடிகாரத்தோட வாசல்ல நிக்கிறேன். குண்டூசி, ரெண்டு காலுக்கும் வலது கால் ஷூதான் வேணும்னு உட்கார்ந்துட்டான். மனுஷனுக்கு ஏன் இடது கால்னு ஒண்ணு இருக்குன்னு நான் அவனுக்கு இருபது நிமிஷம் விளக்கினேன். அவன் இன்னும் உறுதியாயிட்டான். அதுக்குள்ள வக்கீல் வந்து, "அப்பா, வெள்ளோட்டத்துல நிஜமா அழலாமா, இல்ல அழற மாதிரி நடிச்சாப் போதுமா?"ன்னு ஒரு சட்டப் பிரச்சனையைக் கிளப்பினா. பிறந்ததுலேருந்து ஒன்பது மணிக்குத் தூங்கியே அறியாத மூட்டை, ஒன்பது இருபதுக்குத் தூங்கி, தூக்கினதும் ஒன்பது இருபத்தஞ்சுக்கு எழுந்து, ஏன் எழுப்பினீங்கன்னு ஒன்பது அம்பது வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இவ மட்டும் பதறவே இல்ல. பழைய வலது ஷூ ஒண்ணைத் தேடி எடுத்து, "சரி கண்ணு, ரெண்டும் வலதே போட்டுக்கோ"ன்னு மாட்டிவிட்டு, இடது ஷூவைச் சத்தம் போடாம பையில போட்டுக்கிட்டா. தெருமுனை தாண்டல, அவனே நொண்டிக்கிட்டு, "அம்மா, இடது இருக்கா?"ன்னான். இருபது நிமிஷம் நான் தொண்டை கிழியப் பேசினதை இவ இருபது தப்படியில முடிச்சுட்டா.

அடுத்தது பஸ். பத்து பத்துக்குப் பன்னிரண்டாம் நம்பர். மச்சான், அந்த பஸ்ஸுக்கு நேரம் போட்டவன் நான். பதினாலு வருஷத்துல அது ஒரு நாளும் பத்து பத்துக்குப் புறப்பட்டதில்ல. ஜனங்க கையெழுத்துப் போட்டு மனு குடுத்தும் புறப்படல. அந்த தைரியத்துலதான் நானும் ஆடி அசைஞ்சு வந்தேன். அன்னைக்குன்னு பார்த்து பத்து பத்துக்கு அது நகருது. ஒரு கையில பை, தோள்ல மூட்டை, நான் ஓடுறேன், கையை ஆட்டுறேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சார், நீங்க போட்ட டைம் சார்! நான் நின்னா நாளைக்கு நீங்கதானே மெமோ குடுப்பீங்க!"ன்னு சொல்லிட்டுப் போயே போயிட்டாரு. நிறுத்தத்துல வேற பஸ்ஸுக்குப் பன்னிரண்டு பேர் நிக்கிறாங்க. வக்கீல் கணீர்னு, "அப்பா, அந்த டைமை நீங்க ஏன் அப்படி எழுதினீங்க?"ன்னு கேட்டா. பன்னிரண்டு பேரும் என் பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க. சொந்த அட்டவணையாலயே மூக்கறுபட்டவன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ஒருவழியா மரச்சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஷீட்டுல அதுக்கு நாற்பது நிமிஷம். பிள்ளைங்க எட்டு நிமிஷத்துல மொத்தக் கடையையும் பார்த்து முடிச்சுட்டாங்க. இவ மூட்டைக்கு உடுப்பு மாத்த வாசல் பக்கம் போனா. வக்கீல் என் பக்கத்துல ஒரு நாற்காலியில கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கா. மிச்சம் முப்பத்திரண்டு நிமிஷத்தை எங்கே சொருகறதுன்னு நான் ஷீட்டைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். குண்டூசியைக் காணோம்.

மறுபடியும் மச்சான். மறுபடியும் என் கையில காகிதம், மறுபடியும் பிள்ளை இல்ல. ஷீட்டைக் கீழே போட்டுட்டு ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பார்க்கிறேன். அப்ப அலமாரிங்க வரிசையா நிக்கிற பக்கத்துலேருந்து, "மீன் குளிக்குது, மீன் குளிக்குது, சோப்பு எங்கே, சோப்பு எங்கே"ன்னு ஒரு பாட்டு, கட்டையான குரல்ல, கடை அதிர வருது. அது அவனே கட்டின பாட்டு. மூணாவது அலமாரிக் கதவைத் திறந்தா, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகிட்டு, கண்ணை மூடிக்கிட்டுப் பாடுறான். "ஏண்டா, வெளியே வர வேண்டியதுதானே?"ன்னேன். "நீங்க காணாப் போயிட்டீங்க. காணாப் போனா நடக்கக் கூடாது, உட்கார்ந்து சத்தமாப் பாடணும், பெரியவங்கதான் தேடணும்னு அம்மா சொன்னாங்க. சொன்னபடி உட்கார்ந்தேன்ல?"ன்னு கேட்டான்.

எப்ப சொல்லிக் குடுத்தா, எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில வாரத்துக்கு ரெண்டு பிள்ளையாவது தொலையுமாம். ஓடுற பிள்ளை கிடைக்க அரை மணி ஆகும், உட்கார்ந்து அழற பிள்ளை உடனே கிடைச்சுடும்னு இவ டோக்கன் ஜன்னல்லேருந்து பார்த்துத் தெரிஞ்சுகிட்டிருக்கா. அழறதுக்குப் பதிலா பாட்டுன்னு மாத்தினது இவளோட சொந்த மூளை. ஒரு வருஷமா எங்க மேல குத்தம் சொல்லாம, எங்களை விரட்டாம, சத்தமில்லாம இந்த வேலையைப் பார்த்து வெச்சிருக்கா. நானா இருந்தா விதிமுறை ஒண்ணு, ரெண்டுன்னு எழுதிச் சுவத்துல ஒட்டியிருப்பேன்.

திரும்பி வந்தவ என் முகத்தைப் பார்த்தா. தண்ணி பாட்டிலை நீட்டி, "உட்காருங்க. கொஞ்ச நேரம் இங்கயே இருக்கலாம்"னா. விலைச்சீட்டு தொங்குற ஒரு பெரிய சோஃபாவுல அஞ்சு பேரும் உட்கார்ந்தோம். கடைக்காரர் வந்து, "இதை எடுத்துக்கறீங்களா சார்?"ன்னார். "யோசிக்கிறோம்"னு இவ சொன்னா. இருபது நிமிஷம் நல்லா யோசிச்சோம். குண்டூசியும் மூட்டையும் யோசிச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க. அந்த மனுஷன் நல்லவர், ஃபேனை எங்க பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போனாரு. கோபுரத்துக்கும் போகல, கிளியையும் பார்க்கல. அறுபத்து மூணு வரியில ரெண்டாவது வரியோட என் திட்டம் படுத்துடுச்சு.

அதுக்கப்புறம்தான் இவ தன் திட்டத்தை எடுத்தா. நாள்காட்டியிலேருந்து கிழிச்ச தாளோட பின்பக்கத்துல, பென்சில்ல நாலே நாலு வரி. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தாங்கல. "ஒன்பது மணி நேரம் பிரயாணம் பண்ணிப் போய் ஒண்ணே ஒண்ணைப் பார்த்துட்டு வர்றதா?"ன்னு குதிச்சேன். அவ சிரிச்சா. "ஆஸ்பத்திரிக்கு வர்ற பிள்ளைங்க டாக்டரையா பார்க்குதுங்க? தண்ணி மெஷினைப் பார்க்குதுங்க, லிஃப்டைப் பார்க்குதுங்க. கோபுரமெல்லாம் நமக்குத்தாங்க. அதுங்களுக்கு லிஃப்டே போதும். நாலு வயசுக்கு எட்டு நிமிஷம் பொறுமை, ஏழு வயசுக்குப் பதினஞ்சு நிமிஷம், ஒன்றரை வயசுக்கு அது வெச்சதுதான் சட்டம். பிடிச்ச விஷயமா இருந்தா மட்டும் மூணுக்கும் கணக்கே கிடையாது"ன்னா. "அம்மாவுக்கு எவ்வளவு?"ன்னு நான் விளையாட்டாக் கேட்டேன். "அம்மா டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கா. நம்பர் வரும்போது வரும்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. அப்ப எனக்கு அது உறைக்கல.

அடுத்த ஞாயிறு அவ திட்டத்துக்கு வெள்ளோட்டம். எங்கே கூட்டிக்கிட்டுப் போனா தெரியுமா? எங்க டிப்போவுக்கு. பஸ் கழுவுற இடத்துக்கு. பதினாலு வருஷமா மாடியில உட்கார்ந்து காகிதத்துல பஸ்ஸை ஓட்டுறேன், அது கீழே குளிக்கறதை ஒரு நாள் நின்னு பார்த்ததில்ல. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுத்துற பிரஷ், நடுவுல நுரையோட ஒரு பஸ் நுழையுது, பளபளன்னு வெளியே வருது. ரெண்டு மணி நேரம் மச்சான். மூணும் அசையல. கழுவுற ஆள் குண்டூசி கையில ஒரு குழாயைக் குடுத்துட்டாரு, அவன் பஸ்ஸை நனைச்சதைவிட என்னை நனைச்சதுதான் அதிகம். அப்புறம் மதியத்து வண்டிங்க ஒண்ணொண்ணா வெளியே கிளம்புது. சுவத்துல ஒட்டியிருக்கிற என் அட்டவணை முன்னாடி வக்கீல் நின்னுக்கிட்டு, பஸ் போகப் போக விரல் வெச்சு ஒவ்வொரு வரியாப் பார்க்கிறா. "அப்பா எழுதினபடியே போகுது! எங்கப்பா சொன்னாத்தான் எல்லா பஸ்ஸும் போகும், தெரியுமா?"ன்னு அந்தக் கழுவுற ஆள்கிட்ட சொல்றா. அவரும், "ஆமாம் பாப்பா, நானும் அப்பா சொன்னாத்தான் கழுவுவேன்"னாரு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. உங்க தங்கச்சி தள்ளி நின்னு ஒண்ணும் தெரியாத மாதிரி மூட்டைக்கு மூக்குத் துடைச்சுக்கிட்டிருந்தா. எனக்குத் தெரியும், வேணும்னேதான் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. வீடு திரும்பும்போது யாரும் அழல. இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல நடந்து வருஷக்கணக்காச்சு.

அதனால மச்சான், உங்க நகரத்துத் திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை உங்க வீட்டு லிஃப்டும் மீன் தொட்டியும். லிஃப்டுல மேலயும் கீழயும் எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம், தொட்டியைக் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் பார்க்கணும். போன வாரம் போன்ல, லிஃப்ட் பட்டன் தரையிலேருந்து எவ்வளவு உயரம், குளியலறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாளே, நீங்ககூடச் சலிச்சுக்கிட்டீங்களே, எல்லாம் இதுக்குத்தான். சனிக்கிழமை குளம் இருக்கிற பூங்கா. ஞாயித்துக்கிழமை ஆத்துப் பாலம் தாண்டிப் போற நகர ரயில்ல கடைசி நிலையம் வரைக்கும் போய், இறங்காம அப்படியே திரும்பி வர்றது. திங்கட்கிழமை ஊர். அவ்வளவுதான். பதினேழு இடம் மூணாச்சு. எனக்கு இப்ப அந்த நாலு வரியைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடலாம் போல இருக்கு. நாங்க டிப்போவுல பஸ்ஸுக்குத்தான் நேரம் போடுறோம், ஏறுற ஆளுக்குப் போடறதில்ல. இவ ஆளைப் பார்த்துப் போட்டிருக்கா.

இப்பத்தான் நம்ம விஷயம் வருது. அந்தத் தாள்ல சனிக்கிழமைக்கு நேரா, "3 – 4.30. பிள்ளைங்க குளத்துக்கிட்ட, ........... கூட"ன்னு புள்ளி வெச்சு விட்டிருக்கா. பக்கத்துல "டீ"ன்னு எழுதியிருக்கு. இவகிட்ட நேரா கேட்கத் தைரியம் இல்ல. வக்கீலுக்கு ரெண்டு பிஸ்கட் ஃபீஸ் குடுத்து விசாரிச்சேன். "அம்மாவுக்கு ஒரு ஆசைப்பா. டீயை ஆறுறதுக்கு முன்னாடி குடிக்கணுமாம். உட்கார்ந்துகிட்டு. கடைசிச் சொட்டு வரைக்கும். நடுவுல யாரும் அம்மான்னு கூப்பிடக் கூடாதாம்"னா. அடுத்த நாள் காலைல கவனிச்சேன். அவளோட டம்ளர் முதல்ல அடுப்பு மேடையில இருக்கு, அப்புறம் ஜன்னல் விளிம்புல, அப்புறம் துணி அலமாரி மேல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற நேரத்துல, மேல பாலாடை கட்டினதை ஒரே மடக்கா விழுங்கிட்டுச் செருப்பைத் தேடறா. எனக்கு எட்டு வருஷமாத் தினம் ஆவி பறக்க வருதே, அவ டீ எங்கே போகுதுன்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா? வெட்கமா இருந்துச்சு மச்சான். அவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை நான்தான் குடுக்கணும். வேற யாரும் குடுக்கக் கூடாது.

ஆனா அந்தப் புள்ளி உங்களுக்கு வெச்சதுன்னு எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அண்ணனுக்கு போன் பண்ணணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டா. கூப்பிட்டு, "அண்ணே, சனிக்கிழமை மூணு மணிக்கு சும்மா இருப்பியா?"ன்னு கேப்பா. நீங்க இல்லைன்னு சொல்லணும். அதான் உதவி. பல் பிடுங்குற வேலை இருக்குன்னு சொல்லுங்க. யாருக்காவது பிடுங்குங்க. யாரும் கிடைக்கலைன்னா எனக்கே பிடுங்குங்க. வேணாம், எனக்குப் பிடுங்கினா பிள்ளைங்களை யார் பார்க்கிறது, வேற யாருக்காவது பிடுங்குங்க. நீங்க இல்லைன்னு ஆயிட்டா அந்தப் புள்ளியில எழுத என்னை விட்டா வேற ஆளே கிடையாது. காகிதம் எதையும் கையில எடுக்க மாட்டேன். மூட்டையை மாரோட கட்டிக்குவேன், ஒரு கைக்கு ஒண்ணா மத்த ரெண்டையும் பிடிச்சுக்குவேன். அப்படியும் யாராவது தொலைஞ்சா, நானே குளக்கரையில உட்கார்ந்து பாடறேன். ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க மச்சான், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

எழுத்து தாறுமாறாகப் போய்விட்டதற்கு மன்னிக்கவும், எழுத எழுத நாக்கு கைக்கு இறங்கிவிட்டது. தாங்கள் என்னிலும் ஒன்பது வயது மூத்தவர், தங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது. ஆகவே தங்கள் ஆசியை வேண்டி, தங்கள் கைபட்ட பற்கள் யாவும் உரியவர் வாயில் நூறு வயது வரை நிலைக்கவும், தொட்டி மீன்கள் வேளாவேளைக்குப் பசித்து உண்ணவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மாட்டிக்கொண்டேன். உறை மேல எழுத உங்க வீட்டுக் கதவு எண் மறந்துபோச்சு. வீட்டுக்கு வந்து, "அண்ணன் வீட்டு நம்பர் என்ன?"ன்னு சாதாரணமா கேக்கற மாதிரி கேட்டேன். "குடுங்க, நானே எழுதறேன்"னு வாங்கினா. உறையை நான் இன்னும் ஒட்டல. நின்ன இடத்துலயே முழுசும் படிச்சுட்டா. பஸ் போன இடத்துல சிரிச்சா. துணிக்கடை வந்தப்ப சிரிக்கல. நான் சுவத்துல ஒரு ஆணியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

"உங்களை நம்பலைன்னு யாருங்க சொன்னது?"ன்னு கேட்டா. "ஒரு வருஷமா நீ அனுப்பலையே"ன்னேன். "ஒரு வருஷமா நீங்க கேக்கலையே. அன்னைக்கு நீங்க பயந்த பயத்தை நான் பார்த்தேன். பிள்ளை அன்னைக்கே அதை மறந்துடுச்சு, நீங்க அந்தப் பயத்துலேருந்து வெளியே வரக் கொஞ்ச நாள் ஆகும்னு விட்டேன். நானா தள்ளினா நல்லா இருக்குமா?"ன்னா. அப்புறம் அந்த நாள்காட்டித் தாளை எடுத்து, டீ பக்கத்துல விரலை வெச்சா. அங்கே ஒரு ரெண்டு இருக்கு, ரெண்டு டீ. முன்பக்கத்துத் தேதி ஊறித் தெரியுதுன்னு நான் நினைச்சது. "ஒருத்தி ஒரு டீ குடிக்க எதுக்குங்க ஒன்றரை மணி நேரம்? மூணு பிள்ளைக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து பேசினதே இல்லையே. நீங்க இல்லாம தனியா சூடா குடிச்சு நான் என்ன பண்றது?"ன்னு கேட்டா.

ஆகவே மச்சான், மேலே எழுதினது அத்தனையும் ரத்து. சனிக்கிழமை மூணு மணிக்கு நீங்க சும்மா இருக்கணும். ஒரு பல்லையும் தொடக் கூடாது. இதைக் கிழிச்சுட்டு வேற எழுதறேன்னேன், விட மாட்டேங்கறா. "என்னைப் பத்தி இவ்வளவு நல்லதா நீங்க என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. அண்ணனாவது படிக்கட்டும்"னு பசையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறா. தபால் பெட்டி நாலு தெரு தள்ளி, பெரிய ரோட்டைத் தாண்டி இருக்கு. நான் சட்டையை மாட்டினதும், "மூணையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க"ன்னா. அவ வரல. மூணும் வாசல்ல தயாரா நிக்குது.

இந்தக் கடிதம் உங்க கைக்கு வந்து சேர்ந்தா, நாங்க நாலு பேரும் பத்திரமாப் போய்ச் சேர்ந்தோம்னு அர்த்தம்.